நாற்காலியில் மறந்துவைத்த கேமரா

கொல்லயில் கிராமம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அஜீஷுக்கு,

அம்மை சொல்லச் சொல்லத் தங்கை ஜின்சி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எங்களுக்குப் பழுதில்லை, தில்லிக் குளிரில் உன் சளி மாறியிருக்கும் என்று நம்புகிறேன். (நம்புவது அம்மை. நான் இல்லை. – ஜின்சி)

அப்பா கர்த்தரிடம் போய் ஐந்து மாதமாகிறது. அவரைப் பற்றி நீ எடுத்த படத்தை நாலு தடவை பார்த்தேன், முன்பாதியில் பூவாரில் படகு ஓட்டுகிறார், பின்பாதியில் கட்டிலில் கிடக்கிறார், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கட்டிலுக்குப் பின்னால் சுண்ணாம்பு உரிந்திருப்பதுதான் கண்ணில் பட்டது, வெள்ளையடிக்க ஆளிடம் சொல்லியிருக்கிறேன். சத்தியபாய் சித்தி அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டு, இதுல பைசா உண்டா அக்கா, இல்ல இப்பவும் அவனுக்குக் கல்யாண வீடியோதானாக்கும் என்று கேட்டாள். அது வாடகைக்கு, இது மனசுக்கு என்றேன். (குறும்படம் எடுக்கிறவனுக்கு வருமானமும் குறும்தான் சித்தி என்று நான் சொன்னேன்.)

திரைப்பட விழாவுக்காக நீ அனுப்பிய சம்மதப் பத்திரம் மூன்று வாரம் பைபிளுக்குள் இருந்தது. நான் கையெழுத்திடாவிட்டால் படம் ஓடாது, இரண்டு வருட வேலை வீண் என்று ஃபோனில் சொன்னாய். தெரியும். பேனாவை எடுப்பேன், கை அப்படியே நிற்கும். (அம்மை கையெழுத்து எனக்கு அச்சாக வரும், என் ரேங்க் கார்டுகளே சாட்சி. ஆவணப்படத்துக்கு நானே ஆவன செய்யட்டுமா என்று கேட்டேன். போட்டுப் பாரு, வெரல ஒடிப்பேன் என்றாள். இந்த ஐந்து மாதத்தில் அம்மை என்னை வைதது அன்றுதான்.)

வெள்ளிக்கிழமை, நீ இங்கே விட்டுப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து, படத்தில் சேர்க்காததை எல்லாம் ஜின்சி போட்டுக்காட்டினாள். ஒரு துண்டில் ஆளே இல்லை. அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க எழுந்தபோது கேமராவை அணைக்காமல் நாற்காலியில் வைத்திருக்கிறாய், கட்டில் காலும் தரையும்தான் தெரிகிறது, கரண்டிச் சத்தம் கேட்கிறது. எலே, நீ வல்லதும் தின்னியா என்கிறார் அப்பா. படம் முழுக்க நீ கேட்கிறாய், அவர் பதில் சொல்கிறார். இங்கே மட்டும்தான் அவர் கேட்கிறார், அதுவும் நீ ஏதாவது சாப்பிட்டாயா என்று. நீ பதில் சொன்னதாகக் கேட்கவில்லை. மறுபடியும் போடச் சொன்னேன், அப்போதும் கேட்கவில்லை.

ஒன்றும் தெரியாததை எப்படிச் சேர்ப்பது என்பாய். அது உன் தொழில், நீ பார்த்துக்கொள். அந்தத் துண்டு இருந்தால் படம் ஓடலாம் என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

கர்த்தர் உன் கண்ணுக்கும் கைக்கும் துணையிருப்பாராக. கல்யாண வீட்டில் எல்லாரும் உண்பதைப் படம் எடுத்துவிட்டு நீ பட்டினியாகத் திரும்பாதே, முதல் பந்தியிலேயே கேட்டு உட்கார். அப்பா கேட்டதற்கு எனக்காவது பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மை
ஆனந்தபாய்

(விருது வந்தால் விருந்து வேண்டும். மேலே உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ளதும் அம்மை தானே போட்டது. கோணலைப் பார்த்தாலே தெரியும், நான் போட்டால் இதைவிட நன்றாக இருக்கும். – ஜின்சி)