மேசையில் விடப்படாத நாவல்

ஜனவரி 6

நான் ஹாரல்ட் லிண்ட்க்விஸ்ட்; வயது ஐம்பது; ஆல்டர் ஃபால்ஸ் பொது நூலகத்தில் பதின்பருவத்தினர் பிரிவின் பொறுப்பாளன். இளம் வாசகர்களுக்கு எந்த நாவலைப் பரிந்துரைத்தேன், அது என்ன ஆயிற்று என்பதைப் பதிவுசெய்வதே இந்த நாட்குறிப்பின் நோக்கம். சொந்த விஷயங்களுக்கு இதில் இடமில்லை.

ஜனவரி 9

பன்னிரண்டு பரிந்துரை அட்டைகள் எழுதி, நாவல்களுக்குள் தலை தெரியுமாறு செருகினேன். உடன் பணிபுரியும் பெர்னிஸ் ஒன்றை உருவிப் படித்தார்.

"என்ன ஹாரல்ட், மாத்திரை டப்பால எழுதுற மாதிரி இருக்கு? பதினாலு வயசுக்கு மேல், பக்கம் 248. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஓர் அட்டையில் மட்டும் ஒரு வரி கூட்டினேன். சிறைக்குப் போன அண்ணனைப் பற்றித் தங்கை சொல்லும் கதை அது. ‘இதை இருமுறை படித்தேன்.’

ஜனவரி 20

பரிந்துரைத்தவை பன்னிரண்டு. இரவல் போனவை பூஜ்யம்.

பிப்ரவரி 3

தினமும் நான்கு மணிக்கு ஒரு பெண் வருகிறாள். பெயர் தெஸ்ஸா என்றார் பெர்னிஸ். ஜன்னலோரம் ஒரு மணி நேரம் படித்துவிட்டு, புத்தகத்தை அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்துவிடுகிறாள். மேசையிலேயே விடும்படி அறிவிப்பு உண்டு. மேசையில் கிடப்பவற்றை எண்ணித்தான் இங்கேயே எவை படிக்கப்படுகின்றன என்று அறிகிறோம். ஒழுங்கான பெண். கண்டிக்க மனம் வரவில்லை. என்ன படிக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பதும் முறையன்று.

பிப்ரவரி 14

மனைவி கேரன் பிரிந்து போனபின் வரும் இரண்டாவது காதலர் தினம். இரவுக்கு டப்பா சூப். — இதை அடித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 27

மூன்றாண்டுகளாக இரவல் போகாத, மேசைக் கணக்கிலும் வராத நாவல்கள் பத்தொன்பதை நீக்கி, நிலவறைப் பெட்டிகளில் போட்டேன். அண்ணன் கதையும் அவற்றில் ஒன்று. வருத்தந்தான். விதி விதியே.

மார்ச் 2

தெஸ்ஸா முதன்முறையாக என்னிடம் வந்தாள்.

"சார், ஜெயிலுக்குப் போன அண்ணன் கதை எங்க?"

"யாரும் எடுக்கலைன்னு நீக்கியாச்சு."

"நான் தினமும் படிச்சிட்டுதானே இருந்தேன்."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாமே."

"அம்மா பையைத் துழாவுவாங்க. அந்தப் புத்தகம் எங்க வீட்டுக்குள்ள வர முடியாது." பிறகு மெதுவாக, "அதை நல்லா இருக்குன்னு சொன்னதே நீங்கதான்."

போய்விட்டாள். விதியைச் சொல்லியிருக்கலாமா? எந்த விதியை?

மார்ச் 9

ஒரு வாரமாக வரவில்லை. வீட்டுக்குத் தொலைபேசக் கூடாது. ஒருவர் படிப்பது வீட்டாருக்குத் தெரியவரலாகாது. புதியவர்களுக்கு இவ்விதியைக் கற்பிப்பவன் நானே.

மார்ச் 11, புதன்

நிலவறையில் ஏழாவது பெட்டியில் அண்ணன் கதை கிடைத்தது. என் அட்டை உள்ளேயே இருந்தது. பின்புறம் பென்சிலில்:

‘ப. 31. எங்கம்மாவும் அவன் பேரைச் சொல்றதில்ல.’

‘ப. 90. சார், நீங்க ஏன் ரெண்டு தடவை படிச்சீங்க?’

‘ப. 211. மீதி நாளைக்கு.’

எனக்குத்தான் எழுதியிருக்கிறாள். ஏழு வாரம் அந்த அலமாரியை நாளுக்கு இருமுறை நேர்செய்தேன். ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

மாலையில் பெர்னிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு. உங்களுக்கு லீவு என்னைக்குன்னு கேட்டுச்சு, அன்னைக்கு வரணுமாம். வியாழன்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தவறில்லை.

நூலைப் பட்டியலில் மீண்டும் சேர்த்து, அதன் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அட்டையில் அவள் கேள்விக்குக் கீழே எழுதியது: ‘முதல் முறை படித்தபோது, அதைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இருந்தது. இரண்டாம் முறை இல்லை.’

நாளை வியாழன். நான் நூலகப் பக்கம் போகமாட்டேன். வெள்ளிக்கிழமை காலை, கதவைத் திறந்ததும், முதலில் அந்த அட்டையைத் திருப்பிப் பார்ப்பேன்.