முழங்கால் மேல் பாய்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் இரண்டு வலி மாத்திரை. நான் பாடம் நடத்தும் பள்ளியின் மணிக்கு ஒன்று, மாலைச் செபச் சங்குக்கு ஒன்று. சங்கு ஊத அரை மணி முன்னால் போட்டால்தான் செபம் முடியும்வரை சம்மணம் போட்டு உட்கார முடிகிறது. கல்லூரியில் வலைப்பந்து ஆடி விழுந்த முழங்கால் இது. மகள் மாலியா பிறந்த பிறகு மோசம். இருபத்தொன்பது வயதில் மூட்டுவாதம். சமோவாவில் பிறந்தவளுக்குச் சம்மணம் முடியவில்லை என்றால் யாரிடம் சொல்ல?

மார்ச் 9, ஞாயிறு

கோயில் முடிந்து சாப்பாட்டில் அத்தை அறிவித்தார்: தன் மகன் பெத்தேலோவுக்குக் குடும்பத் தலைவர் பட்டம். ஏப்ரல் 26. என் கணவனுக்கு வாயெல்லாம் பல்.

"நீ முன்வரிசை. மத்தியானம் வரைக்கும் அசையக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றார் அத்தை என்னிடம்.

நாத்தனார் வைதூலு சேப்பங்கிழங்கை மென்றபடி, "அண்ணி பாதியில காலை நீட்டிட்டா, குடுத்த பட்டத்தைப் பிடுங்கிடுவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். எதிரே இருப்பவரை நோக்கி வெறுங்காலை நீட்டுவதும் முகத்தில் துப்புவதும் ஒன்று.

மார்ச் 18

மூன்று மாத்திரை. வலியே இல்லை! பள்ளி விட்டு வந்து இரண்டு மணி நேரம் சம்மணம் போட்டுப் பழகினேன். ஆனால் எழுந்தபோது முட்டி ரொட்டிபோல உப்பியிருந்தது. வலிக்காமல் வீங்குமா?

மார்ச் 27

நான்கு.

மாலியாவைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது கால் மடங்கிவிட்டது. அவளை விடவில்லை. விட்டிருந்தால்? படி சிமெண்ட். விட்டிருந்தால்?

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டரம்மா இரண்டு எக்ஸ்ரேக்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். போன வருடம் எலும்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி இப்போது பாதிகூட இல்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை?"

"ரெண்டு."

"நிஜமாச் சொல்லும்மா."

"நாலு."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "மாத்திரைதான் தேய்ச்சுதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பழைய காயமும் இருக்கு. ஆனா நாள்கணக்கா போட்டா மூட்டு இன்னும் சீக்கிரம் கெடலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. ஒண்ணு மட்டும் நிச்சயம். அழ வேண்டிய முட்டியை வாயைப் பொத்தி உக்கார வெச்சிருக்கே. வயிறு, கிட்னிக்குக் கெடுதல் வேற."

மாத்திரையை நிறுத்த வேண்டும். தொடைக்குப் பயிற்சி. சம்மணம் கூடாது.

"இருபத்தாறாம் தேதி பட்டம் கட்டுறாங்க," என்றேன்.

அவரும் இந்த ஊர்க்காரர்தான். "பாய் இருக்கே," என்றார்.

இருக்கிறது. நீட்டிய காலைப் பாயால் மூடிக்கொண்டால் மரியாதைக் குறைவில்லை. ஆனால் அது கிழவிகளுக்கு. முன்வரிசையில், பட்டக்காரன் மனைவிக்கா?

ஏப்ரல் 5

மாத்திரை இல்லாத இரண்டாம் நாள். செபத்துக்குத் தலைவலி என்று பொய்.

ஏப்ரல் 14

பெத்தேலோவிடம் சொன்னேன். "அம்மாகிட்ட நீயே சொல்லிடேன்," என்கிறான். பட்டம் வாங்கப் போற வீரன்!

ஒரு நாள்தானே, போட்டுக்கிட்டுப் போயிடலாமா? ஒரே ஒரு நாள். ஒரே ஒரு நாள்னுதானே தினம் போட்டேன்?

வலி எல்லாம் திரும்பி வந்துவிட்டது. களைப்பாக இருக்கிறது. மாலியா என் மடியில் ஏற வந்தாள், தள்ளிவிட்டேன். அழுதாள். நானும்.

ஏப்ரல் 26, சனி

இடுப்பில் மாத்திரை அட்டையைச் செருகிக்கொண்டு போனேன். போடவில்லை. போடுவதற்குக் கை இரண்டு முறை போனது.

முதல் பேச்சாளர் வம்சம் சொல்லி முடித்தார். இரண்டாமவர் தொடங்கும்போது முதுகில் வியர்வை வழிந்தது. பெத்தேலோ எதிரே கழுத்தில் மாலையோடு என்னையே பார்த்தான்.

"அத்தை, முடியலை. பாய் வேணும்," என்றேன் பக்கத்தில் இருந்தவரிடம்.

அவர் முகம் திரும்பவில்லை. செத்தேன் என்று நினைத்தேன். பிறகு பின்னால் கைநீட்டி ஒரு பாயை இழுத்து என் மடிமேல் விரித்தார். நான் அதன் அடியில் காலை நீட்டினேன். கூடவே இன்னொரு கால் வந்து இடித்தது. அவருடையது.

"தள்ளிக்கோ. எனக்கும் பத்து வருஷமா இருக்கு," என்றார் காதோடு.

"அத்தை! எத்தனை மாத்திரை போடுறீங்க?"

"எண்ணினதில்லை. பேசாம இரு, என் புள்ளைக்குப் பட்டம் கட்டுறாங்க."

மே 8, வியாழன்

முட்டி வலிக்கிறது. தொடைப் பயிற்சி சலிப்பாக இருக்கிறது. நேற்று மாலியா டாக்டரம்மா தந்த என் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, முதன்முதலாக நான்கு அடி நடந்தாள்.

இன்று விடுப்பு எடுத்து அத்தையையும் பஸ்ஸில் கூட்டிப் போனேன். வழியெல்லாம், "எனக்கு ஒண்ணுமில்லை, உனக்குத் துணைக்குத்தான் வர்றேன்."

டாக்டரம்மா அவர் முட்டியை அழுத்திப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைம்மா?"

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு."

நான் தொண்டையைச் செருமினேன்.