மேடையேறி வணங்கியவர்

பாஸ்டன்,
மார்ச் 1893

அன்புள்ள ஹெட்டி அக்காவுக்கு,

இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதை நலம் என்று சொல்லலாமென்றால் நலம். சின்னவனுக்கு இருமல் நின்றதா? மார்பில் கடுகுப் பற்றுப் போடு.

கச்சேரி எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், கேள்.

என் பியானோ இசையை நானே வாசிக்கக் கூடாதென்று ஹொராஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். தன்னைப் போன்ற ஒரு டாக்டரின் மனைவி மாதா கோயில் தர்மத்துக்கு வாசிக்கலாம், சம்பளத்துக்கு வாசித்தால் கௌரவக் குறைச்சலாம். யாரோ ஒரு இளைஞன் வாசித்தான். நான் அழுது எழுதிய இடத்தை அவன் கோழி துரத்துகிற வேகத்தில் வாசித்தான்.

நிகழ்ச்சித் தாளில் 'திருமதி ஹொராஸ் விட்கோம்' என்று போடுவதாகப் பேச்சு. கல்யாணமானவளுக்குத் தன் பெயர் ஏது? இவரோ அச்சகத்துக்குப் போய் 'திருமதி'யையும் எடுத்துவிட்டார். "பொம்பள எழுதினதுன்னு தெரிஞ்சா, கேக்கறதுக்கு முன்னாடியே கொட்டாவி விடுவாங்க, அகஸ்டா" என்றார்.

வாசித்து முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று "விட்கோம்! விட்கோம்!" என்று கத்தியது. நான் எழுந்திருக்கக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த இவர் எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நேரே மேடைக்குப் போய்விட்டார் அக்கா! தலை குனிந்து வணங்கினார். மாலை போட்டார்கள். வாங்கிக்கொண்டார்! என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஹொராஸுக்கு இவ்ளோ திறமையா!" என்றாள். எழுதியவள் யாரென்று அவளுக்குத் தெரியாதா? ராத்திரி பகலாக நான் தட்டும் சத்தம் தலைவலி என்று திட்டியவளே அவள்தான். மானங்கெட்ட வீடு.

வீடு திரும்பும் வண்டியில், மேடைக்கு ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "உன்ன அத்தன பேர் வெறிச்சுப் பாக்க விடுவேனா? எல்லாம் உனக்காகத்தான்" என்றார். அவருக்கு வெட்கமே இல்லை. உண்மையாகவே நல்லது செய்ததாக நம்புகிறார். அதுதான் எனக்கு அதிக அருவருப்பு.

வியாழக்கிழமை பிரதியை வாங்கப் பதிப்பாளர் வருகிறார். ஹொராஸ் விட்கோம் என்ற பெயரிலேயே அச்சிடுவார்களாம். என் பிறந்த வீட்டுப் பெயரை, அகஸ்டா பிரெண்டிஸ் என்று போடச் சொன்னேன். "அது யாரு?" என்று சிரித்தார் இவர். கையெழுத்துப் பிரதி முழுவதையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். புதன்கிழமை ரயிலில் அதோடு உன்னிடம் வருகிறேன்.

அத்தான் முகம் சுளித்தால் மறைக்காமல் எழுது. உங்கள் பின்னறையில் ஒரு பியானோவுக்கு இடம் இருக்குமா, அளந்து பார். எனக்கு மட்டும் இடம் இருந்தால் போதாது அக்கா.

உன் தங்கை,
அகஸ்டா