கிரிவலப் பாதையில் எதிரே நடந்தவருக்கு

அன்பு மாமாவுக்கு,

செத்துப்போனவரிடம் சௌக்கியமா என்று கேட்பது கிறுக்குத்தனம்தான். ஆனாலும் கேட்காமல் கடிதத்தைத் தொடங்க வரவில்லை. நல்லா இருக்கீங்களா? அங்கேயாவது மூச்சு வாங்காமல் நடக்கிறீர்களா?

எனக்கு உங்கள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. வேங்கிக்காலில் உங்கள் ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தூக்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. உங்களைக் கட்டிக்கொண்ட என் அக்காதான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பச்சைச் சட்டை, மஞ்சள் அங்கி, முகமூடி மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டாள்.

ஒரு காலத்தில் ஊரில், அந்த வேஷம் கட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் ‘சூப்பர் மாமா’ வராமல் எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவும் நடந்ததில்லை. எனக்கு மட்டும் மாமாவாக இருந்தவர் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மாமா ஆனீர்கள். அப்புறம் பிள்ளைகள் கைக்கு போன் வந்தது, உங்களைக் கூப்பிடுவது கம்மியானது. முட்டி வலி வந்தது, இளைப்பு வந்தது. அக்காவின் பழைய சேலையில் தைத்த அங்கி ஓரமெல்லாம் பிரிந்து தொங்கியது. கடைசியில் மிஞ்சியது பௌர்ணமி மட்டும்தான். கூலி இல்லாத வேலை, கேலி மட்டும் உண்டு.

மலையை வலப்பக்கம் வைத்து எல்லாரும் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் அந்த வேஷத்தில் எதிரே நடப்பீர்கள், தொலைந்த பிள்ளைகளைத் தேடிக்கொண்டு. போலீஸைக் கண்டால் மிரண்டு ஓடுகிற பிள்ளை உங்களைக் கண்டால் நிற்கும் என்பீர்கள். அது சரி, எதற்கு எதிரே நடக்க வேண்டும், அப்பிரதட்சணம் பாவமில்லையா என்று நான் எத்தனை தடவை சண்டைக்கு வந்திருப்பேன்! நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள்.

“கூட்டத்தோட போனா முதுகுதான்டா தெரியும். மூஞ்சி பாக்கணும்னா எதிர்லதான் போவணும்.”

நீங்கள் இல்லாத முதல் பௌர்ணமிக்கு முந்தின நாள், அக்கா அந்தத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு, நான் வேலை பார்க்கும் லாட்ஜுக்கே எடுத்து வந்துவிட்டாள். பாதையோரம் டீக்கடை வைத்திருப்பவர்கள் போன் செய்து சூப்பர் மாமா வருவாரா என்று கேட்டார்களாம். இறந்துவிட்டார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம். இந்த ஒரு தடவை மட்டும் போய்விட்டு வாடா என்றாள். பௌர்ணமியன்று லாட்ஜில் ரூம் கேட்டு வருகிறவர்களைச் சமாளிக்கவே முடியாது, முதலாளி கத்துவார் என்றேன். அவள் கவுண்டர்மேல் பையை வைத்துவிட்டு நின்றாள். அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்திருப்பேன்.

அன்று பௌர்ணமி காலையிலேயே பிறந்துவிட்டதால் மதியத்திலிருந்தே கூட்டம். உங்கள் சட்டை என் உடம்பில் கோணிப்பை மாதிரி தொங்கியது. முகமூடிக்குள் வியர்வை. மலை இடப்பக்கம் வந்ததும் முகமூடிமேலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதிரே வந்த ஒரு பெரியவர் நின்று, “இன்னாயா, சாமி சுத்தற எடத்துல தலகீழா போறே?” என்று அதட்டினார். பதில் சொல்ல எனக்கு உங்கள் சிரிப்பு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

அடி அண்ணாமலை தாண்டி, பொழுது சாயும் நேரத்தில் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். நாலைந்து வயசிருக்கும். கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்று, சத்தமே வராமல் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். நீங்கள் சொன்னது நிஜம்தான் மாமா. தூக்கிக்கொண்டேன். பேர் கேட்டேன், புரியவில்லை. ‘அம்மா’ தவிர அவள் சொன்னதெல்லாம் தெலுங்கு.

உதவி மையம் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது, ஆனால் கூட்டத்துக்கு எதிர்த் திசையில். மைக்கில் சொல்லச் சொல்லி அங்கே ஒப்படைத்துவிட்டால் என் கடமை முடிந்தது என்று வேகமாக நடந்தேன். கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். முகமூடி போட்ட ஒருத்தன், அழுகிற பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஊரே போகிற திசைக்கு நேர் எதிராக ஓடினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்?

முதலில் ஒருவர் கையை நீட்டி மறித்தார். யார் குழந்தை என்றார். தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அதைவிட மோசமான பதில் கிடையாது. அடுத்த நிமிஷம் என்னைச் சுற்றி ஆட்கள். ஒரு கை என் அங்கியைப் பின்னாலிருந்து இழுத்தது, தையல் கிழியும் சத்தம் கேட்டது. குழந்தையிடம், இவர் யார் பாப்பா என்று கேட்டார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. மலங்க மலங்கப் பார்த்துவிட்டு இன்னும் பெரிதாக அழுதாள்.

அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் லாட்ஜ் தெலுங்கு. ரூம் காலி இல்லை, லிப்ட் ரிப்பேர், வெந்நீர் வரும். அதில் இருப்பதிலேயே இதமான வார்த்தையைத் தேடிப் பிடித்து அவள் காதில் சொன்னேன்: “வேடி நீளு வஸ்தாயி.”

கூட்டத்தில் அரைகுறைத் தெலுங்கு தெரிந்த ஒருவன் இருந்தான்.

“டேய், கொழந்தைகிட்ட சுடுதண்ணி ஊத்திடுவேன்னு மெரட்டறான்டா.”

அதற்குமேல் யாரும் என்னைப் பேச விடவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. யாரோ முகமூடியைப் பிய்த்து எடுத்தார்கள். அதுவரை என் கழுத்தை விடாமல் பிடித்திருந்த குழந்தை, என் முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு இறங்கப் பார்த்தாள். பார்த்தீங்களா, அவளே பயப்படறா என்று ஒரு அம்மா கத்தினார். அந்த நெரிசலில் இறக்கிவிட்டால் மிதித்துவிடுவார்கள் என்று நான் இறுக்கிப் பிடித்தேன். அதுவும் தப்பாகத்தான் தெரிந்தது. பிள்ளை பிடிக்கிறவன் என்ற வார்த்தை வாய்க்கு வாய் தாவிப் பின்னால் போவது எனக்குக் கேட்டது. செத்தோம் என்று நினைத்தேன் மாமா. அக்காவை நினைத்தேன். ஒரே வருஷத்தில் இரண்டு சாவை அவள் எப்படித் தாங்குவாள்? குழந்தையைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

அப்போதுதான் முதுகுப் பக்கம் இன்னொரு கூச்சல். நகரும்மா, நேரா போம்மா என்று யாரையோ திட்டுகிறார்கள். குனிந்தபடியே திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண், செருப்பில்லாத காலோடு, தலை கலைந்து, வருகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு எதிர்த் திசையில் ஓடிவந்துகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை ஜனத்தில் என்னைத் தவிர எதிரே வந்த ஒரே ஆள் அவள்தான்.

“நா தல்லி, நா தல்லி” என்று, ‘என் தாயே’ எனப் பிள்ளையைக் கூப்பிட்டு அவள் கதறியதும் கூட்டம் தானாக விலகியது. குழந்தை என் கையிலிருந்து தாவியது. அடித்தவர் ஒருவர் முகமூடியை என் கையில் கொடுத்து, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதிருப்பேன்.

அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. காய்ச்சலில் கிடந்து பிழைத்த மகளுக்காக நேர்ந்துகொண்ட கிரிவலமாம். குழந்தையைக் காணோம் என்றதும் கூட வந்த சொந்தக்காரர்கள், பாதியில் திரும்பினால் வேண்டுதல் பலிக்காது, பிள்ளைக்கே ஆகாது, முன்னால்தான் போயிருப்பாள் நட என்று சொல்லி இழுத்திருக்கிறார்கள். அவளும் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறாள். அதற்குமேல் கால் போகவில்லை. உதறிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மூச்சு வாங்க எல்லாம் சொல்லிவிட்டு, கிழிந்த வேஷத்தில் நின்ற என்னைப் பார்த்து, “திரும்பி வந்துட்டேனே, பாவமா அண்ணா?” என்று கேட்டாள்.

உங்களிடம் அத்தனை வருஷம் பாவம் பாவம் என்று அடித்துப் பேசிய அதே வாயால், “இல்லம்மா” என்றேன். இவ்வளவு உறுதியாக நான் வேறெதையும் சொன்னதில்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டும் மாமா. ஏன் கேட்காமல் போனீர்கள்?

விஷயம் நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அக்காவுக்கு எட்டிவிட்டது. தோளில் வீக்கத்தைப் பார்த்தவள் ஒத்தடம் கொடுத்தாள். பிறகு கிழிந்த அங்கியைச் சட்டை, முகமூடியோடு சேர்த்துச் சுருட்டி அடுப்படிப் பரண்மேல் எறிந்தாள். “போதும்டா. உன்னையும் தூக்கிக் குடுக்க என்னால ஆவாது” என்றாள். போகச் சொன்னவளே போகாதே என்கிறாள். அவள்மேலும் தப்பில்லை. எனக்கும் பயம் போகவில்லை. இப்போதும் பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது.

ஆனால் நேற்று அவள் கடைக்குப் போனதும் எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். டெய்லரிடம் அங்கியைத் தைக்கவும் சட்டையை என் அளவுக்குப் பிடிக்கவும் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் அவளிடம் சொல்லியும்விட்டேன். இரண்டு நாளைக்குச் சோறு போடும்போது முகம் பார்க்க மாட்டாள், அவ்வளவுதான். இனி உதவி மையத்தில் என் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் முகமூடி போடுவேன். லாட்ஜுக்கு வந்த நெல்லூர்க்காரர் ஒருவரிடம், பயப்படாதே என்பதற்குத் தெலுங்கில் என்ன என்று கேட்டும் வைத்துக்கொண்டேன். ‘பயபடகு.’ பிள்ளையிடமும் சொல்லலாம், எனக்கே நானும் சொல்லிக்கொள்ளலாம்.

உங்களை மாதிரி எனக்குச் சிரிக்கத் தெரியாது. திட்டினால் கோபம் வரும், அடித்தால் வலிக்கும். ஆனால் பிள்ளையைத் தேடித் திரும்புகிற ஒருத்தி அந்தப் பாதையில் இனி தனியாக எதிரே ஓடிவர மாட்டாள். அவளுக்கு முன்னால் நான் நடந்துகொண்டிருப்பேன், மாமா. இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் சட்டைக்குள் இன்னும் தொளதொளவென்றே இருக்கும்
உங்கள் மச்சான்
குமரேசன்