ஊதா மையில் ஒரு வரி

மே 5, திங்கட்கிழமை
பல்கலைக்கழக விடுதி, அறை 14

படகுக்காரிக்கு,

"ஒரு பிள்ளையின் நோட்டில் கடைசியாக நீங்கள் எழுதிய வாக்கியம் எது?" இன்று காலை எங்கள் பேராசிரியை கேட்ட முதல் கேள்வி இது. இருபத்தைந்து வருடமாக நோட்டுத் திருத்துகிறேன். ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் புவியியல் டீச்சர் மட்டும் கை தூக்கினார். "'நல்லது'ன்னு எழுதியிருப்பேன் மேடம்."

"எது நல்லதுன்னு எழுதினீங்க?"

"பெல் அடிச்சிருச்சு மேடம். அதுதான் நல்லது."

பதினாறு பேரும் சிரித்தார்கள். பேராசிரியையும் சிரித்தார். நம்மைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது சின்னவர். நான் எதிர்பார்த்த ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் கூட்டிவைத்துப் பல்கலைக்கழகத்தார் பாடம் நடத்தினால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். நாற்பது பிள்ளைகள் முன்னால் நாற்பது நிமிடம் நின்று பார்க்காதவர்கள் நமக்குக் கற்பித்தலைப் பற்றிச் சொல்வார்கள். ஜன்னல் ஓர நாற்காலியும் தூங்காமலிருக்க ஒரு பேனாவும் போதும் என்று நினைத்துத்தான் வந்தேன்.

இவர் வேறு மாதிரி. பழைய பள்ளி நோட்டுகளின் பிரதிகளைக் கொடுக்கிறார். பிள்ளை எழுதியதை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டு, ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்பை மட்டும் விட்டிருக்கிறார். எழுதியவர் யார், எந்த மனநிலையில் எழுதினார் என்று நாங்கள் சொல்ல வேண்டும். எது சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எதை வச்சுச் சொல்றீங்க?" சரித்திர டீச்சர் என்னிடமே இரண்டு முறை கேட்டுவிட்டார்.

இரண்டு வாரம். கடைசி நாளில் ஒவ்வொருவரும் தாம் ஒரு பிள்ளைக்கு எழுதிய ஒரு வாக்கியத்தைப் பற்றி ஒரு பக்கம் படிக்க வேண்டுமாம். எந்த வாக்கியம் என்று யோசிக்கிறேன்.

உன் காது எப்படி இருக்கிறது?

உன்
நீதிபதி


மே 7, புதன்கிழமை

நீதிபதி அம்மாவுக்கு,

காது அப்படியேதான் இருக்கிறது. எந்திரத்தை மாட்டினால் உலகமே தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிறது. கழற்றினால் நிம்மதி. இவர் என்ன கேட்டாலும் "சரி" என்று தலையாட்டுகிறேன். முப்பது வருடக் குடித்தனத்தில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை. போன் எடுக்க முடியாததில் ஒரு லாபம், நீ கடிதம் எழுதுகிறாய். ஆனால் ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறாயே, தாளுக்குப் பஞ்சமா?

உன் பேராசிரியையை எனக்குப் பிடித்துவிட்டது. உன்னைப் பார்த்து "எதை வச்சு?" என்று கேட்க ஒருத்தி பிறந்து வர வேண்டியிருந்தது. நான் கேட்டிருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய்.

எனக்கு ஒரு வாக்கியம் நினைவிருக்கிறது. "உன் எழுத்து நடக்கிறது, ஓடவிடு." யாருக்கு எழுதினேன் என்பது மறந்துவிட்டது. அந்த ஊதா மைப் புட்டி இன்னும் வைத்திருக்கிறேன், காய்ந்துபோய் அடியில் ஒட்டிக்கிடக்கிறது. சிவப்பு திட்டும், ஊதா திட்டாது என்று சொல்வேன், நீங்களெல்லாம் கேலி செய்வீர்கள். சரி போடும் இடத்தில் எல்லோரும் சரி போட, நான் மட்டும் படகு வரைகிறேன் என்று பெரிய டீச்சர் கூப்பிட்டுக் கண்டித்தது நினைவிருக்கிறதா? அன்றைக்கு நீதானே எனக்காகச் சண்டை போட்டாய்.

விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடிகிறதா? மெலிந்து வராதே, உனக்குச் சதை போட்டால்தான் கண்டிப்பு குறைந்து தெரியும்.

உன்
படகுக்காரி


மே 9, வெள்ளிக்கிழமை

உனக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் கடிதம் மதியம் வந்தது. அதற்குமுன் காலையிலேயே உன்னைப் பார்த்துவிட்டேன்.

இதுவரை கறுப்புவெள்ளைப் பிரதிகளையே கொடுத்துவந்தார். இன்று ஓர் அசல் நோட்டைக் கொண்டுவந்தார். பழுப்பு அட்டை, கண்ணாடித்தாள் உறை. ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்தை மறைத்து, எங்களிடம் சுற்றுக்கு விட்டார். என் மேசைக்கு வந்தபோது மேலே ஒரு படகு. கீழே ஊதா மையில் ஒரு வரி.

"இது உன் எழுத்து இல்லை. எங்கே பார்த்து எழுதினாய்?"

அடுத்தவரிடம் தள்ளிவிட்டேன். மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். "களைச்சுப்போய் எழுதியிருக்காங்க." "இல்லை, இவங்களுக்குப் பொறாமை." "படகு வரையிற கையா இப்படி எழுதுச்சு? ரெண்டும் ஒட்டவே இல்லையே" என்றார் புவியியல் டீச்சர்.

பிறகு அவர் தாளை எடுத்துவிட்டுப் பிள்ளை எழுதியதைப் படித்தார். "எங்கள் வீட்டுக் கதவு" என்று கட்டுரை. யார் தட்டுகிறார்கள் என்று தட்டும் சத்தத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவாளாம். அப்பா மட்டும் தட்டுவதில்லை. வெளியே நின்று இருமுவார், உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல. எழுதியவளுக்குப் பதின்மூன்று வயது.

படித்து முடித்து, "இது என் நோட்டு" என்றார்.

உனக்கு இப்போது நினைவு வந்திருக்கும். ஒரு வாரம் பள்ளிக்கு வராத பெண். டீச்சர் ஏதோ எழுதிவிட்டார் என்று அவள் அம்மா வந்து நின்றது. நோட்டைக் காட்டச் சொன்னால் பெண் காட்டமாட்டேன் என்றது. ஏன் காட்டவில்லை என்று இன்று சொன்னார்: "காட்டியிருந்தா அந்தக் கட்டுரையை அம்மாவும் படிச்சிருப்பாங்க. அப்பா இருமுறதைப் பத்தி நான் எழுதினது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அதன்பிறகு சொன்னதுதான் என்னை அடித்துப்போட்டது. "அந்த வரியைக்கூட மறந்திருப்பேன். எனக்குப் பாடமே எடுக்காத ஒரு டீச்சர், பெரிய டீச்சர் ரூம்ல நின்னு, 'அவங்க அப்படி எழுதற ஆளே இல்லை, பொண்ணுதான் பொய் சொல்லுது'ன்னு சொல்லிட்டாங்க. எங்கம்மா அதை நம்பிட்டாங்க. அதுதான் மறக்கல."

அந்த டீச்சர் நான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உனக்காகச் சொன்னேன். நீ "நான் எழுதவில்லை" என்றாய், உன் முகத்தைப் பார்த்து நம்பினேன். அம்மா மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனபோது வாசல்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டாயே, எந்த மனதோடு பிடித்தாய்?

இருபத்துமூன்று வருடம், படகுக்காரி. எழுதினேன் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

எழுது. எழுதாவிட்டாலும் எனக்கு அதுவே பதில்.


மே 13, செவ்வாய்க்கிழமை

நீதிபதிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நேற்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ வைத்துவிட்டுப் போனார்.

அந்த நோட்டை மறுபடி வாங்கிப் பார். படகின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். நான் இடக்கைக்காரி. என் படகு இடது பக்கம் போகும்.

அந்த வாரம் எனக்கு விஷக்காய்ச்சல். திங்கட்கிழமை நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் நீ என் வீட்டுக்கு வந்து, "கட்டைக் கொடுடி, நான் பார்த்துக்கறேன்" என்று நாற்பத்தோரு நோட்டையும் என் மைப் புட்டியையும் எடுத்துக்கொண்டு போனாய். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்று படகுகூட வரைந்தாய். "உன் படகு எனக்கு வராது, ஓடம்தான் வருது" என்று சிரித்தாய். திங்கட்கிழமை நான் ஒன்றையும் திறந்து பார்க்காமல் கொடுத்தேன்.

பெரிய டீச்சர் அறையில் அந்த அம்மா பேசத் தொடங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. "நான் எழுதவில்லை" என்றேன். அது உண்மைதான். யார் எழுதியது என்று அடுத்த வாக்கியம் சொல்வதற்குள் நீ முன்னால் வந்து, அந்தப் பெண் பொய் சொல்கிறது என்றாய். அவ்வளவு உறுதியாகச் சொன்னாய். உன் முகத்தைப் பார்த்தேன். மறைக்கிற முகம் இல்லை. நீ எழுதியது உனக்கே நினைவில்லை என்று தெரிந்தது.

தியாகம் செய்தேன் என்று நினைத்துவிடாதே. உன் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை, அதை நினைத்தேன்தான். ஆனால் வேறொருத்தி திருத்திய நோட்டுகளை நானே திருத்தியதாகக் கொடுத்திருந்தேன், அதையும் நினைத்தேன். பயந்தேன். ஒரு குழந்தையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனதோடுதான் பிடித்தேன்.

அதன்பிறகு பெரிய டீச்சர் வாரம் ஒருமுறை என் நோட்டுக் கட்டிலிருந்து பத்தை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டேன். இவருடைய வேலைக்காக என்று உன்னிடம் சொன்னது பொய்.

உனக்கு "நீதிபதி" என்று எந்த நாளில் பெயர் வைத்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மாலை, சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்து. நீ சிரித்தாய்.

எத்தனையோ கடிதத்தில் சொல்லிவிட நினைத்தேன். தவறு இரண்டு பேருடையது. என் பங்கை நான் குறைத்துக்கொள்ளவில்லை.

படகுக்காரி


மே 15, வியாழக்கிழமை, விடியற்காலை

என் படகுக்காரிக்கு,

உன் கடிதத்தை நேற்று மாலை நான்கு முறை படித்தேன். அதற்குள் நோட்டையும் பார்த்துவிட்டேன். வகுப்பு நோட்டுகளை வைத்திருக்கும் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, நின்றபடியே திறந்தேன். படகின் மூக்கு வலது பக்கம் இருந்தது.

வரியையும் பார்த்தேன். கேள்விக்குறியின் கீழ்ப் புள்ளியை நான் எப்போதும் அழுத்திக் குத்துவேன், தாள் பின்பக்கம் புடைக்கும். விரலால் தடவினேன். புடைத்திருந்தது.

இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆதாரம், ஆதாரம் என்று சொல்லிக்கொடுக்கிறேன். மையின் நிறத்தைப் பார்த்து உன்னைக் குற்றவாளி ஆக்கினேன். கையெழுத்தை என்னுடையதா என்றுகூடப் பார்க்கவில்லை. என்னுடையதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் என்னைக் கலங்கடிக்கிறது. போன வாரம் புவியியல் டீச்சர் "ரெண்டும் ஒட்டவே இல்லையே" என்றார். அவருக்கு உன்னைத் தெரியாது. உன்னைத் தெரிந்தவள் நான்.

அந்த வரியை எழுதிய நிமிடத்தை நினைவுபடுத்தப் பார்க்கிறேன். எழுதியதே நினைவில்லை. உன் வீட்டுப் படி, கையில் கனத்த கட்டு, விரலில் ஒட்டிய ஊதா, இவ்வளவுதான் வருகிறது. அந்தப் பெண்ணை நான் அறியமாட்டேன். கட்டுரை நன்றாக இருந்தது, அதற்குமேல் என்னிடம் ஒரு காரணமும் இருந்திருக்காது. இருமிக்கொண்டு நிற்கும் அந்த அப்பாவை என்னால் இன்றும் எழுத முடியாது.

நாளை கடைசி நாள். ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். திரும்பப் படித்தால் வக்கீல் எழுதியதுபோல் இருக்கிறது: வேலைப்பளு, நாற்பத்தோரு நோட்டு, தோழியின் காய்ச்சல். உன் காய்ச்சலை அடித்துவிட்டேன். மீதியையும் அடித்தால் எதுவும் மிஞ்சாது.

போன கடிதத்தில் உனக்கு எழுதியதை நான் திரும்பப் பெற முடியாது. நீ அதைக் கிழித்துப்போட வேண்டாம். வைத்திரு. என்றைக்காவது நான் உறுதியாகப் பேசினால் எடுத்துக் காட்டு.

இதை இன்னும் தபாலில் போடவில்லை. நாளை நடப்பதையும் எழுதிவிட்டுப் போடுகிறேன்.


மே 16, வெள்ளிக்கிழமை, மாலை

நடந்தது இது.

என் முறை பதினோரு மணிக்கு வந்தது. எழுந்தேன். தாளைப் படிக்கவில்லை. "அந்த ஊதா வரியை எழுதினது நான்தான். பொண்ணு பொய் சொல்லுதுன்னு சொன்னதும் நான்தான். ஊதா மைக்காரங்க எழுதல" என்றேன். மூன்றும் சொன்னேன், வேறு ஒன்றும் வரவில்லை.

பேராசிரியை ஏட்டிலிருந்து நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். எல்லோரிடமும் கேட்பதையே கேட்டார்.

"எதை வச்சு எழுதினீங்க?"

"எதையும் வச்சு இல்லை."

தலையசைத்தார். ஏட்டில் என் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டார். "அடுத்தவங்க படிக்கலாம்" என்றார். புவியியல் டீச்சர் எழுந்து "நல்லது" என்ற சொல்லைப் பற்றிப் படித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார். எல்லோரும் பெட்டியை எடுக்கப் போன பிறகு வாசலில் என்னை நிறுத்தினார்.

"ஊதா மை டீச்சரை நான் இத்தனை வருஷம் மனசுக்குள்ள திட்டியிருக்கேன். அவங்க விலாசம் இருக்கா?"

அவருடைய பேனாவையே வாங்கி, சான்றிதழ் உறையின் பின்பக்கத்தில் உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். போன் வேண்டாம், கடிதமாக எழுதுங்கள் என்றேன்.

உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் விலாசத்தை அவர் கேட்கவில்லை.