ஏழு தரம் அளக்க வேண்டிய அறை

குண்டசாலை
9.6.2008, பகல் ஒரு மணி

இரஞ்சிதம்,

செருப்பைக் கழற்றாமல் உள்ளே வா. ஹோல் முழுக்க அலுமாரிக் கண்ணாடி சிதறிக் கிடக்கிறது.

"பாடினதைப் பாடினபடி ரெண்டு ஸ்பீக்கரில கேப்பம், நடுவில கொம்பியூட்டர் எதுக்கு?" என்று காலையில் சண்டை பிடித்தாயே. நீ படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போனதும், ஸ்பீக்கர் சத்தத்தை அறைக்கு ஏற்றபடி கொம்பியூட்டரால் சரிசெய்யும் அந்த டிஜிட்டல் திருத்தத்தைத் தொடங்கினேன். மைக்கை இடம் மாற்றி மாற்றி வைத்து, அறையின் எதிரொலியை ஏழு தரம் அளக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் ஸ்பீக்கர் உறுமலில் தொடங்கி விசிலாக ஏறும்.

ஐந்தாம் தரம் பொலிஸ்காரர் நான்கு பேர் துவக்குகளை நீட்டியபடி கதவை உதைத்துக்கொண்டு வந்தார்கள். தமிழன் வீட்டில் குண்டு சோதிக்கிறான் என்று அயலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஐயா, பாட்டு வடிவாக் கேக்கத்தான்" என்றேன். எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. "மைக்கில் யாரோடு பேசினாய்?" என்று ஒருவன் துவக்குப் பிடியால் என் இடது காதில் அடித்தான். விழுந்த பிறகும் மிதித்தார்கள். நம் விறகுக் கோடரியாலேயே ஒரு ஸ்பீக்கரைப் பிளந்து தேடினார்கள். உள்ளே பஞ்சுதான் இருந்தது.

இரண்டு மணிக்குப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்து கையொப்பம் போடச் சொன்னார்கள். போகிறேன். ஐந்து மணிக்குள் வராவிட்டால் உன் அண்ணனுக்கு ஃபோன் எடு. தனியே தேடி வராதே.

கதவு பூட்டாது, கதிரையை முட்டுக்கொடு. சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். காலையில் நான் கத்தியது பிழை.

பாலேந்திரன்

காதில் இரத்தம் நின்றுவிட்டது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. இனி நடக்கும்போது என் வலப்பக்கமாக வா.