உட்கார்ந்தே மாற்றிய தட்டு

என் டிரைவர் அப்பாவுக்கு,

நேற்று கம்பெனி அசெம்பிளி லைனில் பாண்டியம்மாள் அழுதாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என் ஷிப்டில்தான் வேலை. அவள் அம்மாவுக்கும் உனக்கு வந்த அதே பார்க்கின்சன் நோய். "எந்திரிச்சு நின்னா யாரு என்னன்னே தெரியலக்கா. புத்தி போயிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாங்க" என்றாள். உட்கார்ந்திருக்கும்போது எப்படி என்று கேட்டேன். அவள் யோசித்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

நம் வீட்டிலும் அதைத்தானே சொன்னோம்? கை நடுக்கத்தால் நீ கம்பெனி பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார்கள். வாசலில் ஆள் தலை தெரிந்தாலே மரியாதைக்கு எழுந்து நிற்பது உன் பழக்கம். நின்றபடி விழிப்பாய். சொந்த அண்ணனையே "நீங்க எந்த ஷிப்டு?" என்று கேட்டாய். பெரியப்பாவுக்கு அது ஆறவே இல்லை.

என் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் வந்து சொல்லிவிட்டார். "அவனுக்குப் புத்தி கலங்கிப் போச்சு. சபையில நின்னுகினு இன்னாத்தையாவது உளறுவான். தாம்பூலத் தட்ட நானே மாத்திக்கிறேன்." அம்மாவும் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருக்கும்போது இன்னொருவர் கையால் என் தட்டா?

மறுநாள் காலை உன்னைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்தி, நீ பஸ் ஓட்டிய நிறுத்தங்களைச் சொல்லச் சொன்னேன். முடிச்சூர் என்றாய், அவ்வளவுதான். அலுத்துப்போய் உன்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் நீயாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாய். "மண்ணிவாக்கம், கரசங்கால், படப்பை. படப்பையில உனக்காக ஒரு நிமிஷம் நிறுத்தணும்."

இடையில் நடந்தது ஒன்றுதான். நீ உட்கார்ந்திருந்தாய்.

கம்பெனியில் என் வேலை பாகங்களைச் சோதிப்பது. ஒரே நிலையில் வைத்துப் பார்த்துவிட்டு நல்லது கெட்டது எழுதினால் சூப்பர்வைசர் சும்மா விடமாட்டார். உன்னை மட்டும் நாங்கள் நிற்கவைத்தே சோதித்திருக்கிறோம். டாக்டரோ உட்காரவைத்தே பிரஷர் பார்த்திருக்கிறார்.

நிற்கவைத்தும் பாருங்கள் என்று அவரிடம் சண்டை போடாத குறையாகக் கேட்டேன். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பார்த்தார். நின்றதும் பிரஷர் மளமளவென்று இறங்கியது. "இந்த நோயில இது வரும்மா. நிக்கும்போது மூளைக்குப் போற ரத்தம் குறையுது, யோசனை மங்கிடுது. எல்லா மறதிக்கும் இதுதான் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா உக்காரவெச்சுக் கேளுங்க" என்றார்.

நிச்சயத்தன்று "தட்டு மாத்தறவங்க எழுந்திருங்க" என்று புரோகிதர் சொன்னதும் பழக்கதோஷத்தில் நீ எழப் போனாய். "அப்பா, உக்காரு" என்று கத்திவிட்டேன். கல்யாணப் பெண் சபையில் கத்தலாமா? பெரியப்பா தட்டுக்குக் கை நீட்டினார். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா ஒரு நாற்காலியை இழுத்து உன் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். "உக்காந்துகினே மாத்திக்கலாம் சம்மந்தி."

நடுங்கும் கையால் கொடுத்தாய். என் பெயர், தாத்தா பெயர், மாப்பிள்ளை பெயர், ஒன்றும் தப்பவில்லை. "என் பொண்ணு இனிமே உங்க வூட்டுப் பொண்ணு" என்றாய். யாரும் கேட்காததையும் சொன்னாய். "இவ காலையில லேட்டு. ரெண்டு வருஷமா இவளுக்காகக் கம்பெனி பஸ்ஸ ஒரு நிமிஷம் நிறுத்தி வெச்சிருந்தேன். நீங்களும் பொறுத்துக்கணும்." சபையே சிரித்தது. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீ இருந்த கடைசி வருடம், உட்கார்ந்தாலும் சில பெயர்கள் உனக்கு வரவில்லை. அது நோய். ஆனால் உன்னிடம் இருந்த புத்தியை இல்லை என்று சொல்ல அதற்குப் பிறகு யாரையும் நான் விடவில்லை. பாண்டியம்மாளிடமும் சொல்லியிருக்கிறேன், அவள் அம்மாவுக்குப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேள் என்று.

இனி யாரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கமாட்டேன் அப்பா. முதலில் நாற்காலி போடுவேன். பதில் வரும்வரை, நீ பஸ்ஸை நிறுத்தி வைத்த மாதிரி, ஒரு நிமிடம் காத்திருப்பேன்.

இன்னமும் லேட்டாகவே ஓடிவரும் உன் மகள்,
மலர்